டீக்கு முன்னே தீர்ப்பு

கே.ஜி.கண்டிகையில் கஜபதி வீட்டுக்குச் சட்டம் ஒன்றே ஒன்றுதான். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் சோறு சாப்பிட்டுவிட்டு எல்லோரும் சேர்ந்து டிவியில் ஒரு படம் பார்க்க வேண்டும். படம் முடிந்ததும் டீ. ஆனால் டம்ளர் கைக்கு வருமுன் ஒவ்வொருவரும் பார்த்த படத்துக்கு இரண்டே வரியில் தீர்ப்புச் சொல்லியாக வேண்டும். 'நல்லாக்கீது', 'பரவால்ல', 'ஒருதரம் பாக்கலாம்' இதெல்லாம் செல்லாது. மூன்றாவது வரிக்குப் போனாலும் செல்லாது. சொல்லத் தெரியாதவர் அன்றைக்கு வெறும் வாயோடு எழுந்து போக வேண்டியதுதான். கரும்புக்குத் தண்ணீர் கட்டுகிற முறையில்கூடப் பங்காளிகளுக்கு விட்டுக்கொடுத்துப் போகிற கஜபதி, இந்த ஒரு விஷயத்தில் மட்டும் ஜட்ஜு மாதிரி உட்கார்ந்திருப்பார்.

அவருடைய தீர்ப்பு பெரும்பாலும் சண்டையைப் பற்றியே இருக்கும். "ஈரோ நூறு பேர அடிக்கிறான், ஒரு சட்டப் பட்டன் போவல. அந்த டெய்லர் அட்ரஸ் வாங்கிக் குடுங்க." மகள் மோனிஷா திருத்தணியில் ஒரு ரத்தப் பரிசோதனை நிலையத்தில் வேலை பார்க்கிறவள்; அவளுக்குக் காதல் படம் என்றாலே ஆகாது. "ஒரு வருசம் பின்னாடியே சுத்தறான், அவ திரும்பிப் பாக்கறா. இதுக்குப் பேரு லவ்வாம், போலீசுக்கு இல்ல போன் பண்ணியிருக்கணும்?"

ஆனாலும் அந்த வீட்டில் பேர் வாங்கியது அம்மாக்காரி புஷ்பலதாவின் தீர்ப்புதான். ஒரு கிராமத்துப் படத்துக்கு அவள் சொன்னது இது: "கரும்பு வெட்றவ கையில ஒரு கீறல் இல்ல, வளையல் வேற குலுங்குது. இவனுங்க கரும்ப ஜூஸ் கடையிலதான் பாத்திருப்பானுங்க." ஒரு பேய்ப் படத்துக்கு: "பெருக்க ஆளில்லாத பங்களாவுல பேய்க்கு மட்டும் வெளுத்த சேல எப்டிக் கெடைச்சுது? என்னக் கூட்டிகினு போனா அது எந்த சோப்புன்னு கேட்டுகினு வருவேன்." தியேட்டரையே அழவைத்த ஒரு தாய்ப்பாசப் படத்துக்கு: "ஆத்தா செத்துட்டா, எல்லாரும் அழுவுறாங்க, அடுப்புல பால் பொங்கி வழியுது. எனக்கு அந்தப் பால் மேலதான் கண்ணு."

மோனிஷா இதையெல்லாம் உடனுக்குடன் வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் போட்டுவிடுவாள். 'எங்கம்மா தீர்ப்பு' என்று தலைப்பு. ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் பள்ளிப்பட்டிலிருந்து அரக்கோணம் வரை சொந்தக்காரப் பெண்கள் அதற்காகவே போனைத் திறந்து வைத்துக்கொண்டு காத்திருந்தார்கள். மற்றவர்கள் கதையையும் வசனத்தையும் பார்க்கிறார்கள், புஷ்பலதா மட்டும் யாரும் பார்க்காததைப் பார்க்கிறாளே, இவளுக்கு என்ன கண்ணடா சாமி என்று அதிசயப்பட்டார்கள்.

அதில் அதிசயம் ஒன்றும் இல்லை. புஷ்பலதாவுக்குக் காது கேட்காது. அது யாருக்கும் தெரியாது, அவ்வளவுதான்.

அடியோடு கேட்காது என்று சொல்ல முடியாது. சத்தம் கேட்கும், வார்த்தை கேட்காது. யாரோ கிணற்றுக்குள் இறங்கி நின்று பேசுகிற மாதிரி இருக்கும். இரண்டு வருஷமாக இப்படி. முதலில் குக்கர் விசில் போயிற்று. பிறகு போன் பேச்சு போயிற்று. அப்புறம் முதுகுக்குப் பின்னாலிருந்து கூப்பிடுகிறவர்கள் எல்லோரும் போனார்கள். போன் அடித்தால் "கை ஈரமா இருக்குது, நீ பேசு" என்று மோனிஷாவிடம் தள்ளுவாள். கூப்பிட்டுத் திரும்பவில்லை என்றால், "ஒருதரம் கூப்ட்டா திரும்பணும்னு எந்தச் சட்டத்துல இருக்குது?" என்று அவளே முந்திக்கொண்டு சண்டை பிடிப்பாள். புஷ்பலதாவுக்குத் திமிர் ஏறிப்போச்சு என்று தெருவில் பேசிக்கொண்டார்கள். பேசட்டும் என்று விட்டுவிட்டாள். திமிர் பிடித்தவள் வீட்டில் பெண் எடுப்பார்கள். செவிட்டு வீட்டில் எடுப்பார்களா?

அதுதான் அவள் பயம். அந்தப் பயத்துக்குக் காரணம் இருந்தது. பள்ளிப்பட்டில் அவளுடைய அம்மா ஜெயம்மாவுக்கு நாற்பது வயதிலேயே காது போய்விட்டது. அக்கா துர்காவுக்கு நகரியில் ஒரு நல்ல இடம் அமைந்து, தாம்பூலம் மாற்ற இரண்டு நாள் இருக்கும்போது மாப்பிள்ளை வீட்டார் ஜெயம்மாவைப் பார்க்க வந்தார்கள். நான்கு கேள்வி கேட்டார்கள், நான்குக்கும் ஜெயம்மா சிரித்தாள். அன்று சாயங்காலமே இடம் வேண்டாம் என்று ஆள் வந்தது. "ஆத்தாளுக்கு வந்தது நாளைக்குப் பொண்ணுக்கும் வரும்" என்றார்கள். அதற்கப்புறம் துர்காவுக்குக் கல்யாணம் ஆக முப்பத்தி நாலு வயதாயிற்று, அதுவும் இரண்டாம் தாரமாக. கொடுமை என்னவென்றால் துர்காவுக்கு இன்றைக்கும் எறும்பு ஊர்வது கேட்கிறது. காது போனது, அத்தை மகன் கஜபதிக்கு முறைப்படி வாழ்க்கைப்பட்ட புஷ்பலதாவுக்குத்தான்.

இப்போது மோனிஷாவுக்கு இடம் கூடிவந்திருந்தது. மாப்பிள்ளை டில்லிபாபு திருவாலங்காட்டுக்காரன், சொந்தமாக நிலம் உண்டு, திருத்தணியில் டிராக்டர் ஷோரூமில் மெக்கானிக். ஜாதகம் பொருந்தியது, அதைவிட முக்கியமாக, பெண்ணும் பிள்ளையும் இரண்டு தடவை போனில் பேசிவிட்டு மூன்றாவது தடவை தாங்களாகவே பேசிக்கொள்ள ஆரம்பித்துவிட்டார்கள். ஆவணி இருபதாம் தேதி தாம்பூலம் மாற்றுவதாகப் பேச்சு. தையில் கல்யாணம். தாலி ஏறிய மறுநாளே காது டாக்டரைப் பார்த்துவிடலாம், அதுவரைக்கும் மூச்சு விடக்கூடாது என்று புஷ்பலதா திருத்தணி முருகனைக் கேட்காமலே அவன் மேல் பாரத்தைப் போட்டிருந்தாள்.

அவளுக்கு உதட்டைப் பார்த்தால் பேச்சு புரியும். அம்மாவோடு வளர்ந்தவள் அல்லவா? ஜெயம்மா வீட்டில் பேச்சு தெலுங்கு, அதுவும் சத்தமில்லாத தெலுங்கு. வாயை மட்டும் அசைத்தே பிள்ளைகள் அம்மாவிடம் பொய் சொல்வார்கள், திட்டு வாங்குவார்கள், கதை கேட்பார்கள். ஏழு வயதிலிருந்து பழகியதால் தெலுங்கு உதடு புஷ்பலதாவுக்குத் தண்ணீர் பட்ட பாடு. தமிழ் உதட்டைத்தான் நாற்பத்தாறு வயதுக்கு மேல் கஷ்டப்பட்டுக் கற்றுக்கொண்டாள். பாதி புரியும், பாதியை ஊகிப்பாள். அதனால்தான் பெரிய மீசை வைத்த நடிகர் யாரையும் அவளுக்குப் பிடிக்காது. "மூஞ்சியில பாதிய மூடிகினு இவன் இன்னா நடிக்கிறது?" என்பாள். இருட்டில் எடுத்த படம் பிடிக்காது. முதுகைக் காட்டிப் பேசுகிற வில்லன்களை அறவே பிடிக்காது. வார்த்தை பிடிபடாத இடத்தில் கண் என்ன செய்யும்? வளையலைப் பார்க்கும், சேலையைப் பார்க்கும், பொங்கி வழிகிற பாலைப் பார்க்கும். ஊரெல்லாம் சிரித்து ரசித்த தீர்ப்பு அப்படி வந்ததுதான்.

வினையும் அந்தத் தீர்ப்பினால்தான் வந்தது. டில்லிபாபுவின் அம்மா கௌரியம்மாள் மருமகளாக வரப்போகிறவளின் ஸ்டேட்டஸை ஒன்று விடாமல் பார்த்துக்கொண்டிருந்தாள். பேய்க்குச் சோப்பு விசாரித்த அன்றைக்குச் சிரித்துச் சிரித்து அவளுக்குப் புரையேறியதாம். "மோனிஷா, ஆடிக் கிருத்திகைக்கு மலைக்கு வரேன். வரப்போற ஞாயித்துக்கெழம அங்க வந்து உங்கம்மா பக்கத்துல உக்காந்து ஒரு படம் பாத்தாதான் எனக்கு மனசு ஆறும்" என்று போன் செய்துவிட்டாள்.

புஷ்பலதா யோசித்துப் பார்த்தாள். வேண்டாம் என்று எப்படிச் சொல்வது? சம்பந்தியாக வரப்போகிறவள் தானாக வாசலுக்கு வருகிறேன் என்கிறாள்.

ஞாயிற்றுக்கிழமை காவடிக் கூட்டத்தில் நசுங்கி, பஸ் கிடைக்காமல் ஷேர் ஆட்டோ பிடித்து, நெற்றி நிறைய விபூதியும் கையில் பிரசாதப் பையுமாகக் கௌரியம்மாள் வந்து இறங்கினாள். வட்ட முகம், பெரிய வாய், ஒவ்வொரு வார்த்தையையும் வாய் நிறையப் பேசினாள். வெற்றிலை போடுகிற பழக்கமும் இல்லை, பேசும்போது வாயைக் கையால் மூடுகிற பழக்கமும் இல்லை. பெண் பார்க்க வந்த அன்றைக்கே புஷ்பலதாவுக்கு அவளைப் பிடித்துப்போயிருந்தது. சாப்பாட்டு நேரம் முழுவதும் எதிரிலேயே உட்கார்ந்து ஒரு வார்த்தை தவறாமல் பேசித் தப்பித்தாள்.

"இன்னிக்கிப் படம் நாந்தான் சொல்லுவேன்" என்றாள் கௌரியம்மாள். "எங்க பக்கத்து வூட்ல பாத்துட்டு மாமியா மருமவ கத, பிரமாதம்னாங்க. போடு கண்ணு."

மோனிஷா தேடிப் போட்டாள். முதல் காட்சியில் ஒரு கிழவன் எருமையைத் திட்டிக்கொண்டு போனான். புஷ்பலதா அவன் உதட்டைப் பார்த்தாள். தெலுங்கு! அப்பாடா என்று அவளுக்குத் தோளிலிருந்து ஒரு மூட்டை இறங்கியது. சம்பந்தியம்மாளுக்கும் தெலுங்கு தெரியும் போலிருக்கிறது, அதனால்தான் தெலுங்குப் படம் கேட்டிருக்கிறாள் என்று நினைத்துக்கொண்டாள். இந்தப் பக்கத்தில் யாருக்குத்தான் தெரியாது?

இரண்டு வருஷத்தில் முதல் தடவையாகப் புஷ்பலதா சாய்ந்து உட்கார்ந்து படம் பார்த்தாள். ஊகிக்க வேண்டிய வேலையே இல்லை. பட்டணத்திலிருந்து வந்த மருமகளும் கிராமத்து மாமியாரும் முட்டிக்கொண்டு நிற்கிற கதை. மாமியாராக நடித்தவளுக்கு எடுப்பான உதடு, ஒரு எழுத்து தப்பவில்லை. எருமைக்காரக் கிழவன் பேசுகிற இடமெல்லாம் புஷ்பலதா வாய்விட்டுச் சிரித்தாள். மற்றவர்கள் அவ்வளவாகச் சிரிக்கவில்லை. புதுச் சம்பந்தம், கூச்சப்படுகிறார்கள் என்று எண்ணிக்கொண்டாள்.

கடைசியில் மருமகள் கோபித்துக்கொண்டு பெட்டியோடு பஸ் ஸ்டாண்டுக்குப் போகிறாள். மாமியார் பின்னாலேயே ஓடிவந்து வீட்டுச் சாவியை அவள் கையில் வைத்து ஏதோ கொஞ்சம் பேசுகிறாள். பஸ் வருகிறது, கூட்டம் ஏறுகிறது, மருமகள் அழுகிறாள், மாமியார் முதுகைக் காட்டிக்கொண்டு நடக்கிறாள். அவ்வளவுதான். புஷ்பலதாவுக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்துவிட்டது. மோனிஷா ஆவணியிலோ தையிலோ இப்படி ஒருத்தி கையில்தானே போய்ச் சேரப் போகிறாள் என்ற நினைப்பும் கூட வந்தது. முகத்தைத் துடைத்துக்கொள்வதற்காகவே டீ போடுகிறேன் என்று அடுப்படிக்குள் ஓடினாள்.

அவள் டீயோடு திரும்பி வந்தபோது மற்ற மூன்று பேரும் தீர்ப்புச் சொல்லி முடித்திருந்தார்கள். "நீ ஒருத்திதான் பாக்கி" என்று கஜபதி விரலைக் காட்டினார்.

புஷ்பலதா தட்டைக் கையில் வைத்தபடியே சொன்னாள்: "தெலுங்குப் படத்தத் தெலுங்குலயே பாக்கறதுதான் ருசி. அந்த மாமியாக்காரி கடைசியில அளந்து நாலே வார்த்த பேசனா பாரு, அந்த நாலு வார்த்தைக்கு மலைக்கு நடந்தே போலாம்."

யாரும் சிரிக்கவில்லை. கஜபதி மகளைப் பார்த்தார். மோனிஷா அம்மாவைப் பார்த்தாள். கௌரியம்மாள்தான் முதலில் வாயைத் திறந்தாள்.

"படம் தமிழ்லதான ஓடிச்சு சம்மந்திம்மா? டப்பிங் படமாச்சே. கடைசியில அந்த அம்மா அஞ்சு நிமிசம் பொளந்து கட்டனாங்களே, பொண்ணுன்னா பூமாதேவி, மருமவன்னா மகாலட்சுமின்னு? பஸ்சு போறப்பக் கூடப் பேசிகினே இருந்தாங்களே? 'திருவிழா மைக்கு மாதிரி ஒரே ரோதனை'ன்னு இப்பதான் நான் தீர்ப்பு சொன்னேன்."

புஷ்பலதாவுக்கு அப்போதுதான் புரிந்தது. டப்பிங்! உதடு தெலுங்கில் அசைகிறது, சத்தம் தமிழில் வருகிறது. அந்த அறையில் நாலு பேர் உட்கார்ந்து மூன்று பேர் ஒரு படத்தையும் அவள் ஒருத்தி வேறொரு படத்தையும் பார்த்திருக்கிறாள். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்து வைத்தவள் பருக்கையில் மாட்டிக்கொண்டாள்.

கஜபதிக்கு ஒன்றும் புரியாவிட்டாலும் மனைவியின் முகம் வெளிறியது தெரிந்தது. பட்டென்று சிரித்தார். "அவ எப்பவும் இப்டித்தாங்க, கிண்டலு. டப்பிங் படத்தக் கலாய்க்கறா. இன்னா புஷ்பா?"

நல்ல மனுஷன் கதவைத் திறந்து வைத்துவிட்டார். ஆமாம் பாவா என்று புருஷனைப் பார்த்துச் சிரித்துவிட்டு வெளியே போய்விடலாம். கௌரியம்மாளும் சிரித்திருப்பாள், ஆவணி இருபது தன்பாட்டுக்கு வந்திருக்கும்.

ஆனால் மோனிஷா எழுந்து வந்தாள். தட்டிலிருந்து ஒரு டம்ளரை எடுத்தாள், வாய்க்கு நேராக வைத்து மறைத்துக்கொண்டு அம்மாவைப் பார்த்து ஏதோ கேட்டாள். புஷ்பலதாவுக்குக் கிணற்றுச் சத்தம் மட்டும் வந்தது. டம்ளருக்கு மேலே மகளின் இரண்டு கண்கள் தெரிந்தன. அந்தக் கண்களில் கேள்வி இருந்தது, பதிலும் தெரிந்துவிட்டிருந்தது. தண்ணீர் முட்டிக்கொண்டு நின்றது. இந்தப் பெண்ணை இதற்குமேல் ஏமாற்ற முடியாது என்று புஷ்பலதாவுக்குத் தோன்றியது. இவளே ஏமாறவில்லை என்றால் ஊரை ஏமாற்றி என்ன ஆகப்போகிறது?

அவள் தட்டைக் கீழே வைத்தாள்.

"கிண்டல் இல்லீங்க" என்றாள் கௌரியம்மாளைப் பார்த்து. "எனக்குக் காது கேக்கல. ரெண்டு வருசமாச்சு. வாயப் பாத்துத்தான் பேசிகினு இருக்கேன். எங்கம்மாவுக்கும் இப்டித்தான் நாப்பது வயசுல போச்சு. அத வச்சு எங்கக்காவுக்கு நிச்சயம் நின்னுபோச்சு, அவ ஒண்ணும் தப்பு பண்ணல. எம்பொண்ணுக்கும் அப்டி ஆயிடும்னுதான் மூடி வச்சேன். ஆயிரம் பொய் சொல்லிக் கல்யாணம் பண்ணலாம்னு சொல்லுவாங்க. நான் ஒண்ணுதான் சொன்னேன், அதையே என்னால தூக்க முடியல."

இரண்டு வருஷமாகத் திமிர் திமிர் என்று எத்தனை தடவை கத்தியிருக்கிறோம் என்று கஜபதியின் முகத்தில் கணக்கு ஓடியது. மோனிஷா அழுதுகொண்டே அம்மாவின் கையைப் பிடித்து உலுக்கினாள்.

"என்கிட்டக் கூடச் சொல்லலியா? ரெண்டு வருசமா நான் உன் முதுவுக்குப் பின்னாடி நின்னுகினு எவ்ளோ பேசியிருக்கேன்? ஒண்ணு கூட உனக்குக் கேக்கலியா?"

"கேக்கலடி" என்றாள் புஷ்பலதா. அதைச் சொன்ன பிறகுதான் அவளுக்கும் அழுகை வந்தது.

கௌரியம்மாள் டீயைத் தொடவில்லை. போனை எடுத்துக்கொண்டு எழுந்தாள், வாசலைத் தாண்டி முருங்கை மரத்தடிக்குப் போய்த் தெருவைப் பார்த்து நின்று யாருக்கோ பேச ஆரம்பித்தாள். முதுகு மட்டும் தெரிந்தது.

சினிமாவில் எத்தனையோ முதுகைத் திட்டியவள் புஷ்பலதா. இந்த முதுகை ஒன்றும் சொல்ல முடியாமல் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு பார்த்தாள். கை ஒருதரம் உயர்ந்தது. தலை ஒருதரம் ஆடியது. அது வேண்டாம் என்ற ஆட்டமா, சரி என்ற ஆட்டமா? மோனிஷா கண்ணைத் துடைத்துக்கொண்டு வாசற்பக்கம் போகப் பார்த்தாள்.

"போவாத" என்று புஷ்பலதா அவளை இழுத்து நிறுத்தினாள். "ஒட்டுக் கேக்கற பழக்கம் வேணாம். இன்னா சொல்றதா இருந்தாலும் அவங்களே வந்து நம்ப மூஞ்சியப் பாத்துச் சொல்லட்டும்."

"வேணான்னு சொன்னா?"

"சொன்னா சொல்லட்டும். உனக்குக் குத்தம் ஒண்ணும் இல்ல. துர்கா பெரியம்மா மாதிரி மூலையில உக்கார விடமாட்டேன் உன்ன."

கஜபதி எழுந்து வந்து பக்கத்தில் நின்றார். அவள் தோளைத் தட்டினார், பிறகு ஞாபகம் வந்தவராக அவளுக்கு முன்னால் வந்து நின்று, "எதுன்னாலும் பாத்துக்கலாம் புஷ்பா" என்று நிறுத்தி நிறுத்திச் சொன்னார். கல்யாணமாகி இருபத்தேழு வருஷத்தில் அவர் இவ்வளவு மெதுவாக எதையும் பேசியதில்லை.

கௌரியம்மாள் திரும்பி வந்தாள். வந்தவள் சோபாவில் உட்காரவில்லை. பிளாஸ்டிக் நாற்காலி ஒன்றை இழுத்துப் புஷ்பலதாவுக்கு நேர் எதிரே போட்டு, முட்டி இடிக்கிற மாதிரி உட்கார்ந்தாள்.

"எனக்குக் கோவந்தான்" என்றாள். "கோவம் இல்லன்னு பொய் சொல்லமாட்டேன். ரெண்டு வருசமா காத டாக்டர் கிட்டக் காட்டாம உக்காந்திருந்தீங்க பாருங்க, அதுக்குத்தான். என்னப் பாத்து பயந்துட்டீங்க பாருங்க, அதுக்கும்."

புஷ்பலதா அந்தப் பெரிய வாயையே பார்த்தாள்.

"பையனுக்குப் போன் போட்டேன். இந்த மாதிரி, அவங்கம்மாவுக்குக் காது கேக்கல, நாளைக்கிப் பொண்ணுக்கும் வரலாம், இன்னாடா சொல்றன்னேன். அவன் கேக்கறான், 'நாளைக்கி எனக்கு மண்ட வழுக்கையாப் பூடும், அத அவங்க வூட்ல சொல்லிட்டியா நீ?'ன்னு."

"இன்னாங்க?" என்றார் கஜபதி.

கௌரியம்மாளுக்கு இப்போது கொஞ்சம் வெட்கம் வந்துவிட்டது. "எங்க வூட்டு ஆம்பளைங்களுக்கு முப்பது வயசு தாண்டனா தலையில ஒண்ணும் நிக்காது. பரம்பரை. எங்க வூட்டுக்காரரு வருசத்துக்கு மூணு தரம் திருத்தணி மலையில மொட்ட போட்டுகினு வருவாரு. ஊர்ல எல்லாரும் ஆகா எவ்ளோ பக்தின்னு கும்புடறாங்க. பக்தியாவது ஒண்ணாவது! பொண்ணு பாக்க வந்தப்ப மொட்டத் தலையோட உக்காந்திருந்தாரே, நீங்க கூட 'வேண்டுதலுங்களா'ன்னு கேட்டீங்க. ஆங்னு தலையாட்டிட்டாரு. நானும் சும்மா இருந்துட்டேன்."

மோனிஷாதான் முதலில் சிரித்தாள். அழுத கண்ணோடு, மூக்கை உறிஞ்சிக்கொண்டு, அடக்க முடியாமல் சிரித்தாள். கஜபதிக்கும் தொற்றிக்கொண்டது. புஷ்பலதாவுக்கு ஒரு நிமிஷம் பிடித்தது. அப்புறம் அவளும் சிரித்தாள். இந்த இரண்டு வருஷத்தில் அடக்கி வைத்ததெல்லாம் சேர்ந்து வந்ததோ என்னவோ, வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.

"அப்ப ஆவணி இருவது..." என்று கஜபதி இழுத்தார்.

"இருவதுதான். அதுல மாத்தம் இல்ல. ஆனா அதுக்கு முன்ன இவங்கள டாக்டர் கிட்டக் கூட்டிகினு போங்க. காதுல வைக்கிற மிஷினு குடுத்தா வச்சுகினு வரணும். மறைச்சு முடியப் போட்டுகினு வரக்கூடாது. நகை மாதிரி தெரியட்டும். யாராவது கேட்டா நான் பதில் சொல்றேன்." கௌரியம்மாள் மோனிஷா பக்கம் திரும்பினாள். "நீயும் காட்டிக்கோ கண்ணு. பயந்துகினு இல்ல. எதுவா இருந்தாலும் தெரிஞ்சு வச்சுக்கறது நல்லது. டில்லிபாபுவையும் தலைக்கி எதனா எண்ணெ தடவச் சொல்றேன்."

"இப்பவே கொட்டுதா அத்த?" என்று மோனிஷா பதறிக் கேட்டாள்.

"லைட்டா."

புஷ்பலதாவுக்கு அந்தப் பெரிய வட்ட முகத்தைக் கையெடுத்துக் கும்பிட வேண்டும் போலிருந்தது. கும்பிட்டால் இந்த அம்மாள் திட்டுவாள் என்று தெரிந்ததால், ஆறிப்போன டீயை எடுத்துக்கொண்டு சூடாக்கக் கிளம்பினாள். கௌரியம்மாள் அவள் முந்தானையைப் பிடித்து நிறுத்தினாள்.

"டீ கெடக்குது. எனக்கு ஒண்ணு சொல்லிட்டுப் போங்க. அந்த மாமியாக்காரி நெசமா இன்னாதான் சொன்னா? எனக்கு அந்த எடம் ஒட்டவே இல்ல. மூஞ்சி ஒண்ணு சொல்லுது, வசனம் ஒண்ணு சொல்லுது. பாவம் அந்தம்மா நல்லா நடிச்சுதுன்னு மட்டும் தோணிச்சு."

மோனிஷா ரிமோட்டை எடுத்தாள். படத்தைப் பின்னால் ஓட்டி, பஸ் ஸ்டாண்டு வந்ததும் நிறுத்தினாள். சத்தத்தை அடியோடு குறைத்தாள். வீடு அமைதியாயிற்று. எங்கேயோ தூரத்தில் காவடிக்காரர்களின் பம்பைச் சத்தம் கஜபதிக்குக் கேட்டது.

திரையில் மாமியார் ஓடிவந்தாள், மூச்சு வாங்க நின்றாள், மருமகளின் கையைப் பிடித்துச் சாவியை வைத்தாள். உதடு அசைந்தது. புஷ்பலதா அந்த உதட்டோடு சேர்ந்தே தமிழில் சொன்னாள், மெதுவாக, தன் குரல் எவ்வளவு சத்தமாக வருகிறது என்று தெரியாமல், கொஞ்சம் உரக்கவே:

"சாவிய நீயே வச்சுக்கோ. எனக்கு வச்ச எடம் மறந்துபோவுது. எப்ப வந்தாலும் நீயே தொறந்துக்கோ, என்ன எழுப்பாத."

பஸ் வந்தது. கூட்டம் ஏறியது. மருமகள் அழுதாள். மாமியார் முதுகைக் காட்டிக்கொண்டு நடந்தாள். அந்த இடத்தில் அவள் ஒன்றுமே பேசவில்லை என்பதை அறையில் எல்லோரும் பார்த்தார்கள்.

கௌரியம்மாள் முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள். மோனிஷாவின் கையை எட்டிப் பிடித்தாள்.

"இன்னொருதரம் போடு கண்ணு" என்றாள். "சத்தம் வைக்காத. உங்கம்மா சொல்லட்டும்."